வரப்போரக் கருவேலமும் ஒரு பருந்துக் குடும்பமும்

ராகிக் கொல்லைக்கு மேலே, அந்தரத்தில், ஒரே இடத்தில் நின்றபடி படபடவென்று சிறகடிக்கும் ஒரு வெள்ளைப் பறவையை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். பிறகு இரண்டு சிறகையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு மெல்ல இறங்கி, கடைசி நொடியில் கால்களை நீட்டிப் புல்லுக்குள் விழும். எழும்போது காலில் ஒரு சுண்டெலி தொங்கும். மின்கம்பியில் போய் உட்கார்ந்து, வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தின்னும்.

இதன் பெயர் கருந்தோள் பருந்து. எங்கள் பக்கத்தில் சிலர் வெள்ளைப் பருந்து என்பார்கள், பலர் வெறுமனே பருந்து என்பார்கள். காக்கையைவிடச் சிறிய உருவம், கால் கிலோதான் எடை. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, தோளில் மை கொட்டியது போலக் கருப்பு. கண் மட்டும் குங்குமச் சிவப்பு. மற்ற பருந்துகளுக்குப் போல இல்லாமல் ஆந்தைக்கு இருப்பது போல முகத்தின் முன்பக்கம் பார்க்கும் கண்கள். பகலில் வேலை செய்யும் ஆந்தை என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை.

அரூர் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு இந்த மண்ணுக்கு வந்தேன். ராகி, சாமை, நிலக்கடலை, துவரை, கொஞ்சம் மஞ்சள். ரசாயன உரமும் கிடையாது, மருந்தும் கிடையாது. கிழக்கு வரப்பில் ஒரு பழைய கருவேலமரம் நிற்கிறது. சீமைக்கருவேலம் இல்லைங்க, மஞ்சள் பூப் பூக்கும் நம்ம நாட்டுக் கருவேலம். "நிழலடிக்குது, வெட்டிடுங்க சார்" என்று ஊரில் சொல்லாதவர்கள் இல்லை. முள்மரம் ஒன்று வரப்பில் நிற்பது யாருக்கோ பயன்படும் என்று விட்டு வைத்திருந்தேன். யாருக்கு என்று 2024 புரட்டாசியில் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு நிலத்துக் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு ஜோடி அந்த மரத்தைச் சுற்ற ஆரம்பித்தது. ஒன்று இன்னொன்றைத் துரத்துவதும், இரண்டும் சேர்ந்து உயரத்தில் வட்டமடிப்பதுமாக நான்கைந்து நாள். அப்புறம் சுள்ளி சுமக்க ஆரம்பித்தார்கள். இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், நடத்தையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். கூடு கட்டும் வேலையில் பெரும்பங்கு பெண்ணுக்கு. ஆண் கொண்டுவந்த ஒரு நீளமான துவரை மாரை, பெண் வாங்கி இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிட்டது. "எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்று என் மனைவி சொன்னார்.

கூடு என்றால் தூக்கணாங்குருவி கட்டுவது மாதிரிக் கைவேலை எதிர்பார்க்காதீர்கள். மரத்தின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, முள் அடர்ந்த இடத்தில், பரப்பிப் போட்ட சுள்ளி மேடை. நடுவில் கொஞ்சம் புல். கீழிருந்து பார்த்தால் காற்றடித்து ஒதுங்கிய குப்பை என்றுதான் நினைப்போம். அவ்வளவுதான் கூடு. அதுவே அதற்குக் காவலும்.

முட்டையை எண்ணுவதற்கு மரமேறக் கூடாது. முட்டை வைத்த புதிதில் தொந்தரவு கொடுத்தால் பறவை கூட்டையே கைவிட்டுவிடும், நாம் ஏறிய தடத்தைப் பார்த்து அண்டங்காக்கை வந்துவிடும். 3 அல்லது 4 முட்டை இடும். மங்கலான வெண்மையில் சிவப்புத் திட்டு இருக்கும். நான் 60 அடி தள்ளி, மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மகன் வாங்கிக் கொடுத்த தொலைநோக்கி ஒன்று, பழைய வங்கி டைரி ஒன்று. காலை 6 மணியிலிருந்து 9 வரை, மாலை 4 மணியிலிருந்து பொழுது சாயும்வரை. இடையில் வெயில் நேரத்தில் அவர்களும் வேலை செய்வதில்லை, நானும் செய்வதில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் பெண் கூட்டை விட்டு எழுவது நின்றுபோனது. அடை காக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஆணும் நடுநடுவே மாற்றி உட்காரும், ஆனால் அதிக நேரம் பெண்தான். இரை கொண்டுவரும் ஆண், நேராகக் கூட்டுக்கு வராது. நாலு மரம் தள்ளியிருக்கும் புங்கமரத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் கூப்பிடும். பெண் பறந்து போய் வாங்கித் தின்றுவிட்டுத் திரும்பும். அந்த ஐந்து நிமிஷம் ஆண் கூட்டில் இருக்கும். தீபாவளி அக்டோபர் 31. ஊருக்குள் வெடித்தது கொல்லைவரை கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் பெண்ணின் தலை கூட்டுக்கு மேலே நீண்டு பார்த்துவிட்டு உள்ளே போகும். எழுந்து பறக்கவில்லை.

ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட அடை. கார்த்திகை இரண்டாம் வாரத்தில் பெண் கூட்டின் விளிம்பில் நின்று, தலையைக் குனிந்து எதையோ பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பதைப் பார்த்தேன். மறுநாள் மூன்று சின்னத் தலைகள் தெரிந்தன.

அப்புறம் மழை வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், வலுவிழந்த பிறகு நம் மாவட்டங்களின் மேல் வந்து கொட்டியதையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33. தர்மபுரி மாவட்டத்தில் ஒரு வருஷம் பூராவும் பெய்கிற மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் இறங்கிவிட்டது. தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் நிலத்தில் அறுப்புக்கு நின்ற ராகி படுத்துவிட்டது, கடலைக் கொடியைப் பிடுங்கிப் போட்டிருந்தவர்கள் பாடு அதைவிட மோசம். கிழக்கே பக்கத்து நிலத்தில் கதிர் முற்றிவந்த நெல் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தது.

டிசம்பர் 1 காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கருவேலமரம் ஆடிக்கொண்டிருந்தது. பெண் பறவை கூட்டின் மேல் இரண்டு சிறகையும் விரித்துப் படுத்திருந்தது. வெள்ளை நிறமே தெரியவில்லை, நனைந்த பழந்துணி மாதிரி இருந்தது. நான் இருந்த இரண்டு மணி நேரமும் அது அசையவில்லை. ஆண் ஒருமுறை வந்து புங்கமரத்தில் உட்கார்ந்தது, காலில் ஒன்றுமில்லை. அந்த மழையில் அந்தரத்தில் நின்று எலி தேட முடியாது. 2ஆம் தேதி சாயங்காலம்தான் மழை விட்டது. கூட்டின் ஒரு பக்கச் சுள்ளிகள் சரிந்து தொங்கின. மறுநாள் பார்த்தபோது இரண்டு தலைகள்தான் தெரிந்தன. மூன்றாவதை மரத்தடிச் சேற்றில் தேடினேன். கிடைக்கவில்லை.

வெள்ளம் எலி வளைகளையும் நிரப்பியது. பள்ளத்தில் இருந்த எலியெல்லாம் வரப்புக்கு ஏறிவிட்டது. பருந்துக்கு இது பெரும் விருந்து. மழை விட்ட மூன்றாம் நாள் ஆண் பறவை எங்கள் வரப்பு ஒன்றிலேயே காலையில் நான்கு முறை எலி எடுத்தது. ஆனால் பக்கத்து நிலத்துத் தம்பிக்கு அது வேறு கணக்கு. பாதி நெல் சாய்ந்துவிட்டது, நின்ற பாதியை எலி வெட்டுகிறது. தினமும் காலையில் வரப்போரம் வெட்டுப்பட்ட தூர் கிடக்கிறது. மார்கழி பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்பு, ஒரு பையில் நீல நிறக் கட்டிகளோடு வந்தார். புரோமாடியோலோன்.

இந்த இடத்தில் இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இது எலியை உடனே கொல்லாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும். தின்ற எலி நாலைந்து நாள் உயிரோடு நடமாடும், உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சோர்ந்துபோய், பகலில்கூட வெளியே வந்து தள்ளாடும். மருந்து அதன் ஈரலில் தங்கியிருக்கும். தள்ளாடும் எலியை யார் பிடிப்பார்கள்? வேட்டைக்காரனுக்கு எது சுலபமோ அதைத்தான் பிடிக்கும். ஆந்தையும் கூகையும் பருந்தும் உலகம் பூராவும் இப்படித்தான் சாகின்றன. கூட்டில் அப்போது மூன்று வாரக் குஞ்சுகள், நாளெல்லாம் பசி.

பருந்து இனங்கள் விஷத்தைத் தாங்குவதில்லை என்பதற்கு நாம் புதிதாகச் சாட்சி தேட வேண்டியதில்லை. விராலடிப்பான் கதை ஒன்று போதும். குளிர்காலத்தில் நம் அணைகளுக்கும் ஏரிகளுக்கும் வடக்கேயிருந்து வரும் மீன்பிடிப் பருந்து அது. தண்ணீருக்குள் கால் முதலில் பாய்ந்து மீனைத் தூக்கும். வெளிவிரலைப் பின்பக்கம் திருப்பி, வழுக்கும் மீனை முன்னும் பின்னும் இரண்டிரண்டு விரலால் பிடிக்கும். இங்கே கூடு கட்டாது, பங்குனிக்குள் கிளம்பிவிடும். அமெரிக்காவில் கனெக்டிகட் ஆற்றின் முகத்துவாரத்தில் 1938 வாக்கில் இதன் கூடுகள் சுமார் 200 இருந்தன. 1965இல் 12. இடையில் நடந்தது டி.டி.டி. தெளிப்பு. பூச்சி மருந்து தண்ணீருக்குள் போய், சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் பறவை உடம்பில் சேர்ந்தது. பறவை சாகவில்லை. முட்டை ஓடு மெலிந்துபோய், அடை காக்க உட்கார்ந்த தாயின் எடை தாங்காமல் உடைந்தது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய புத்தகம் இதைப் பேச வைத்தது, 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது, விராலடிப்பான் திரும்ப வந்தது. நம் நாட்டில் விவசாயத்துக்கு டி.டி.டி. கூடாது என்று 1989இல்தான் சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1995-96இல் அர்ஜென்டினாவின் புல்வெளிப் பண்ணைகளில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். வட அமெரிக்காவிலிருந்து அங்கே வலசை போகும் சுவைன்சன் பருந்துகள் வெட்டுக்கிளியைத் தின்பவை. ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. சுமார் 20,000 இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். மோனோகுரோட்டோபாஸ் என்ற பெயரை நம் ஊர் உரக்கடைப் பலகையில் எத்தனை வருஷம் பார்த்தோம்! கருந்தோள் பருந்தும் எலி கிடைக்காத நாளில் வெட்டுக்கிளி தின்பதுதான்.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணா, உங்களுக்குப் பென்ஷன் வருது. எனக்கு நெல்லுதான் வரணும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பருந்தே எலியை எல்லாம் ஒழித்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். நம் கூட்டங்களில் அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு, வருஷத்துக்கு இத்தனை ஆயிரம் எலி என்று வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். அது உண்மையில்லை. கால் கிலோ பறவை, தன் எடைக்கு மேல் இருக்கும் பெருச்சாளியைத் தூக்காது. பெருச்சாளி வெளியே வருவது இரவில், பருந்து வேட்டைக்கு வருவது காலையும் மாலையும். சுண்டெலி, வயலெலி, வெள்ளெலிக் குட்டி, இவைதான் அதன் கணக்கு. ராத்திரி வேலைக்குக் கூகை வேண்டும். இரண்டும் இருந்தாலும் வெள்ளத்துக்குப் பின் வந்த அந்தக் கூட்டத்தை அவை மட்டும் சமாளித்திருக்காது.

ஆகவே கிட்டி வைக்கலாம் என்றேன். தஞ்சாவூர்க் கிட்டி தெரியாதவர்களுக்கு: மூங்கில் பத்தையை வில்லாக வளைத்து, கயிற்றுச் சுருக்கோடு, நடுவில் பொரி வைத்த சின்னக் கொட்டாங்குச்சி. எலி தலையை நீட்டினால் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கும். சாயங்காலம் எலி நடக்கும் தடத்தில் வைத்து, விடியற்காலையில் எடுக்க வேண்டும். அனுபவம் உள்ளவர் கை வேண்டும். தடம் தெரியாமல் வைத்தால் கிட்டி சும்மா கிடக்கும். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார், எலிக்கு இவ்வளவு என்று கூலி. பாதிக் கூலி நான் தருகிறேன், பத்து நாள் பார்ப்போம், குறையவில்லை என்றால் கட்டியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "பத்து நாளா, அதுக்குள்ள எனக்கு மிச்சமிருக்காதுண்ணா" என்றார். கடைசியில் ஒரு வாரம் என்று முடிந்தது. நீலக் கட்டிப் பை அவர் வீட்டு அட்டாலியில் ஏறியது.

அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. மற்றவன் பயிரை வைத்து நாம் பருந்து வளர்க்கிறோமோ என்ற நினைப்பு ஒரு பக்கம். முதல் இரவு பெரியவர் 30 கிட்டி வைத்தார், 11 எலி. இரண்டாம் இரவு 14. மூன்றாம் நாளிலிருந்து நேரே வளை தோண்டியும் பிடித்தார். ஒரு வளையிலிருந்து முறம் நிறைய நெற்கதிர் வந்தது, அதைத் தம்பி வீட்டு அம்மா காய வைத்து எடுத்துக்கொண்டார். வார முடிவில் கிட்டியில் ஒன்றிரண்டுதான் விழுந்தது. வெட்டுப்பட்ட தூர் புதிதாக இல்லை. தம்பி ஒன்றும் சொல்லவில்லை, நெல்லை அறுத்தார்.

அதே வாரத்தில் என் டைரியில் ஒரு நாள் கணக்கு: காலையும் மாலையும் சேர்த்து கூட்டுக்கு 7 முறை இரை. ஐந்து சுண்டெலி, ஒரு ஓணான், ஒன்று என்னவென்று தெரியும் முன்பே விழுங்கியாயிற்று. குஞ்சுகள் இரண்டும் கூட்டின் விளிம்பில் ஏறி நின்று சிறகை அடித்துப் பழகின. குஞ்சுக்குத் தலையில் பழுப்பு, முதுகில் செதில் போல வெள்ளைக் கோடு, கண்ணில் இன்னும் சிவப்பு ஏறவில்லை.

தம்பியின் அம்மாவுக்கு எண்பது வயதிருக்கும். கோழி வளர்க்கிறார். "ஏப்பா, கோழிக்குஞ்சு தூக்கற பருந்துக்குப் போய்க் காவலிருக்கியே" என்று என்னைக் கேட்பார். கோழிக்குஞ்சைத் தூக்குவது வைரி. அது அகலச் சிறகும் மஞ்சள் அல்லது செந்நிறக் கண்ணுமாக, மரங்களுக்கு நடுவே பதுங்கிப் பறந்து வந்து அடிக்கும். இது திறந்த வெளியில் அந்தரத்தில் நிற்கும். ஆயா ஒப்புக்கொள்ளவில்லை. பேரன் மட்டும் ஒருநாள் கட்டிலில் வந்து உட்கார்ந்து தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் உண்டிவில் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆங்கிலப் புத்தாண்டு வாரத்தில் முதல் குஞ்சு பறந்தது. கருவேலமரத்திலிருந்து புங்கமரம்வரை. உட்காரத் தெரியாமல் இலைக்குள் விழுந்து, தொங்கி, சமாளித்து ஏறியது. இரண்டாவது மூன்று நாள் கழித்து. பறக்கத் தெரிந்துவிட்டால் பிழைக்கத் தெரிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கூட்டை விட்ட பிறகும் சுமார் 80 நாள் அப்பன்தான் சோறு போட வேண்டும். முதலில் கிளையில் உட்கார்ந்திருக்கும் குஞ்சுக்குக் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு கொடுக்கும் முறை மாறும். தை மாதம் பிறந்த பின் ஒரு காலையில் பார்த்தேன்: ஆண் எலியோடு வருகிறது, குஞ்சு கத்திக்கொண்டே எதிரே பறக்கிறது, ஆணுக்கு அடியில் போய் மல்லாந்து காலை நீட்டுகிறது, எலி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிறது. இரண்டும் பறந்துகொண்டே இருக்கின்றன. முதல் மூன்று முறை எலி கீழே விழுந்தது.

அப்பன் என்று சொன்னேனே, அம்மா எங்கே என்று கேட்பீர்கள். பொங்கலுக்குப் பிறகு பெண்ணைக் காணோம். விஷமோ என்று பயந்து வரப்பெல்லாம் தேடினேன். பிறகு படித்ததில் தெரிந்தது: இரை நிறையக் கிடைக்கும் காலத்தில் இந்தப் பெண் பறவை, பறக்கத் தொடங்கிய குஞ்சுகளை ஆணிடம் விட்டுவிட்டு, வேறு ஆணோடு அடுத்த கூட்டுக்குப் போவதும் உண்டு. வெள்ளம் கொடுத்த எலிப் பெருக்கத்தில் அப்படிப் போயிருக்கும். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்.

வங்கியில் பயிர்க்கடன் போடும்போது ஏக்கருக்கு விதை இவ்வளவு, உரம் இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று வரி வரியாக இருக்கும். கிட்டிக் கூலிக்கு வரி கிடையாது, வரப்பு மரத்துக்கும் கிடையாது. மருந்து வாங்கக் கடன் சுலபம், மருந்து இல்லாமல் செய்யக் கைக்காசு. தம்பியைப் போன்றவர்கள் கட்டியை எடுத்துக்கொண்டு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் துவரை அறுத்த நிலத்தில் ஆறு இடத்தில் குச்சி நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டினேன். மின்கம்பி இல்லாத பக்கத்தில் இருந்த நாலு குச்சியில்தான் அவை உட்கார்ந்தன. கம்பி இருக்கும் பக்கத்துக் குச்சிகளைச் சீண்டவில்லை. நடுவதாக இருந்தால் நிலத்தின் நடுவே, கம்பிக்குத் தள்ளி நடுங்கள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும். குச்சிக்கு அடியில் இரவு நேரத்து ஆந்தை துப்பிய உருண்டைகளும் கிடைத்தன, ஒவ்வொன்றிலும் எலி மயிரும் மண்டையோடும்.

பங்குனி கடைசியில் குஞ்சுகள் தாமாக அந்தரத்தில் நின்று விழுவதைப் பார்த்தேன். பத்து முறை விழுந்தால் ஒருமுறை கிடைத்தது. ஒன்று அதன் பிறகு தென்பெண்ணைப் பக்கம் போய்விட்டது. இன்னொன்று இப்போதும் மாலையில் தம்பி நிலத்துக்கு மேலே நிற்கிறது, கண் ஆரஞ்சு நிறத்துக்கு வந்திருக்கிறது. கருவேலமரத்துக் கூட்டில் பாதிச் சுள்ளி விழுந்துவிட்டது. நீலக் கட்டிப் பை இன்னும் அட்டாலியில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வரும் சம்பாவுக்குக் கிட்டிப் பெரியவரை எப்போது கூப்பிடுவது என்று தம்பி போன வாரம் என்னிடம் கேட்டார். கதிர் வந்த பிறகு கூப்பிட்டால் தாமதம், பால் பிடிக்கும் முன்பே கூப்பிடுங்கள் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.